கண்ணுக்குச் சீன மூலிகை: பயன் எது, எல்லை எது?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் துன் சம்பந்தன் சாலை வழியே செல்வோர் இரண்டு காட்சிகளைக் காணலாம். ஒன்று, பூக்கடைகளில் மாலைகளாகத் தொங்கும் மஞ்சள் செவ்வந்தி. மற்றொன்று, வெண்கோல் ஏந்தி நடைபாதையில் கவனமாக அடியெடுத்து வைத்துச் செல்லும் பார்வையிழந்த அன்பர்கள். 1951ஆம் ஆண்டில் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இவ்வட்டாரத்திலேயே அமைந்திருப்பதால், அவர்களை இங்கு நாள்தோறும் காண முடிகிறது.

நாம் இறைவனுக்கு மாலையாகச் சூட்டும் செவ்வந்தி இனத்துப் பூவைச் சீனப் பெருமக்கள் உலர்த்தி, வெந்நீரிலிட்டு, கண்ணுக்குக் குளிர்ச்சி தரும் பானமாக அருந்தி வருகின்றனர். கிள்ளான் பட்டணத்திலும் கோலாலம்பூர் பெட்டாலிங் தெருவின் சுற்றுப்புறத்திலும் உள்ள சீன மருந்துக் கடைகளுக்கு இன்று சீனர்கள் மட்டுமே செல்வதில்லை. நம்மவர்களும் செல்கின்றனர். “கண் எரிகிறது, எதைக் காய்ச்சிக் குடிக்கலாம்?” என்று கேட்போரும் உளர்; “கண் மங்கி வருகிறது, அதற்கு மருந்து உண்டா?” என்று கேட்போரும் உளர்.

இவ்விரு கேள்விகளும் ஒன்று போலத் தோன்றினும், உண்மையில் ஒன்றல்ல. முதற் கேள்விக்கு மருந்துக் கடையில் ஓரளவு விடை கிடைக்கலாம். இரண்டாவது கேள்விக்கு விடை தேட வேண்டிய இடம் மருத்துவமனை. இந்த வேறுபாட்டை அறியாமல் மாதக்கணக்கிலே காலத்தைக் கழித்தோர் பார்வையை இழக்க நேரிடுகிறது. ஆகவே, கண்ணுக்குரிய சீன மூலிகைகள் யாவை, அவற்றால் ஆகக்கூடியது யாது, ஆகாதது யாது என்பவற்றை இப்பாடத்தில் முறையாகக் காண்போம்.

நம் நாட்டில் சீன மருத்துவம்

ஈயச் சுரங்கங்களில் உழைப்பதற்காகச் சீனர்கள் பெருந்தொகையினராய் இந்நாட்டுக்கு வந்த காலத்திலேயே அவர்தம் மருத்துவமும் உடன் வந்தது. 1879ஆம் ஆண்டில் பேராக் மாநிலத்துக் கோப்பெங் நகரில் இயூ கோங் என்பவர் தொடங்கிய மருந்துக் கடையே, இன்று பல நாடுகளில் கிளை பரப்பியுள்ள இயூ யான் சாங் நிறுவனமாகும். கோலாலம்பூரில் 1881ஆம் ஆண்டில், பின்னாளில் சீனர்களின் கப்பித்தானாக விளங்கிய யாப் குவான் செங், ஏழைத் தொழிலாளர்களுக்கென ஒரு மருத்துவ நிலையத்தை நிறுவினார். அதுவே இன்று பூடு சாலையில் உள்ள துங் ஷின் மருத்துவமனை. அங்கே சீன மருத்துவப் பகுதியும் மேனாட்டு மருத்துவப் பகுதியும் ஒரே வளாகத்தில் இயங்கி வருகின்றன.

நம் அரசாங்கமும் பாரம்பரிய மருத்துவத்தைப் புறக்கணித்ததில்லை. 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணைநிலை மருத்துவச் சட்டம் சீன மருத்துவம், மலாய் மருத்துவம், சித்தமும் ஆயுர்வேதமும் அடங்கிய இந்திய மருத்துவம் ஆகியவற்றை அங்கீகரித்து, அவற்றைச் செய்வோர் பதிவு பெறவும் வழி வகுத்தது. எனவே, சீன மருத்துவத்தை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது முறையன்று. அதே வேளையில், எந்த மருத்துவமாயினும் அதன் எல்லையை அறிந்து பயன்படுத்துதலே அறிவுடைமையாகும்.

கண்ணும் கல்லீரலும்

சீன மருத்துவ நூல்கள் கண்ணைக் கல்லீரலோடு இணைத்துப் பேசுகின்றன. கல்லீரலின் ஆற்றல் குன்றினால் பார்வை மங்கும் என்றும், கல்லீரலில் வெப்பம் மிகுந்தால் கண் சிவந்து எரியும் என்றும் அவை கூறும். அந்நூல்கள் சொல்லும் ‘கல்லீரல்’ இன்றைய உடலியல் காட்டும் உறுப்பினை மட்டும் குறிப்பதன்று. உடலின் பல இயக்கங்களை ஒருசேரக் குறிக்கும் சொல்லாகும். ‘பித்தம்’ என்று நம் சித்த வைத்தியர்கள் கூறும்போது வெறும் பித்தநீரை மட்டும் கருதுவதில்லை அல்லவா? அதனைப் போன்றதே இதுவும்.

இக்கருத்தின் வழியாக ஒரு சிறந்த பயனும் விளைந்தது. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சுன் சிமியாவ் என்னும் புகழ்பெற்ற சீன மருத்துவர், மாலைக்கண் நோய்க்கு விலங்குகளின் ஈரலை உணவாகக் கொடுக்குமாறு எழுதி வைத்தார். அந்தி சாய்ந்ததும் சிட்டுக்குருவிக்குக் கண் தெரியாது என்று கருதிய சீனர்கள், அந்நோய்க்குக் குருவியின் பெயரையே சூட்டியிருந்தனர். ஈரல் ஏன் பயன்பட்டது என்பதற்குரிய காரணம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகே தெரிய வந்தது. 1913ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வைட்டமின் ‘ஏ’ கண்டறியப்பட்டது. விழித்திரையில் அச்சத்து இருப்பதை 1933ஆம் ஆண்டில் ஜார்ஜ் வால்ட் என்னும் அறிஞர் கண்டுபிடித்தார். மங்கிய ஒளியில் நாம் பார்ப்பதற்கு உதவும் நிறமி அச்சத்தினாலேயே உருவாகிறது. அச்சத்து மிகுதியாகச் சேமிக்கப்படும் உறுப்பு ஈரலே.

காரணத்தை வேறுவிதமாக விளக்கிய போதிலும், அனுபவத்தால் அம்மருத்துவர் கண்ட வழி சரியானதாகவே இருந்தது. ஆயினும் ஒன்றை இங்கே மறத்தலாகாது. ஈரல் தீர்த்தது சத்துக் குறைவினால் வந்த மாலைக்கண் ஒன்றைத்தான். எல்லாக் கண் நோய்களையும் அன்று.

கடையில் கிடைக்கும் மூன்று பொருள்கள்

கண்ணுக்கென்று கேட்டால், சீன மருந்துக் கடைக்காரர் பெரும்பாலும் மூன்று பொருள்களை எடுத்துத் தருவார். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்டதாகக் கருதப்படும் சீனரின் மூலிகை நூலிலேயே இம்மூன்றும் இடம் பெற்றுள்ளன.

முதலாவது, செவ்வந்திப் பூ. உலர்ந்த பூக்கள் சிலவற்றை வெந்நீரிலிட்டு மூடிவைத்துப் பருகுவர். வெயிலில் அலைந்து களைத்தவருக்கு இது இதமான பானமே. ஆனால், இது எந்தக் கண் நோயையேனும் குணப்படுத்தும் என்பது மனிதர்களிடையே நடத்தப்பட்ட தக்க ஆய்வுகளால் மெய்ப்பிக்கப்படவில்லை. செவ்வந்தி இனத்துப் பூக்கள் ஒவ்வாத சிலருக்கு இதனால் அரிப்பும் தடிப்பும் உண்டாகலாம். மேலும், மாலை கட்டுவதற்கென விற்கப்படும் பூவைக் காய்ச்சிக் குடித்தலாகாது. அதன் மீது பூச்சிக்கொல்லி தெளிக்கப்பட்டிருக்கக் கூடும். உணவுக்கென உலர்த்திய பூவையே வாங்க வேண்டும்.

இரண்டாவது, ‘கெய் சி’ என்று கடைகளில் அழைக்கப்படும் சிறு சிவப்புக் கனி. உலர்ந்த திராட்சையினும் சிறியதாக, இனிப்பும் இலேசான துவர்ப்பும் கலந்திருக்கும். சீனர்கள் இதனைச் சூப்பிலும் கஞ்சியிலும் இடுவர். மூன்றனுள் அறிவியல் ஆதரவு ஓரளவேனும் உள்ளது இதற்கே. விழித்திரையின் நடுப்பகுதியில் லூட்டின், சியாசாந்தின் என்னும் இரு மஞ்சள் நிறமிகள் உள்ளன. கூரிய ஒளியினால் விளையும் தீங்கைத் தணிப்பவை அவை. இவற்றுள் சியாசாந்தின் இக்கனியில் மிகுந்துள்ளது. அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து டேவிஸ் வளாகத்தார் 2021ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 45 முதல் 65 வயதுக்கு உட்பட்ட நலமுள்ளோர் 27 பேர் அதில் பங்கேற்றனர். நாளொன்றுக்கு 28 கிராம் வீதம், வாரத்தில் 5 முறை, 90 நாள் இக்கனியை உண்டவர்களின் விழித்திரை நிறமி கூடியிருந்தது. இது நம்பிக்கை தரும் செய்தியே. எனினும், ஆய்வில் கலந்துகொண்டோர் தொகை மிகச் சிறியது. அவர்கள் நோயாளிகளும் அல்லர். வந்துவிட்ட நோயைக் கனி தீர்க்கும் என்பதற்கு இது சான்றாகாது.

மூன்றாவது, ‘ஜுவெமிங்’ எனப்படும் விதை. பார்வையைத் தெளிவாக்குவது என்னும் பொருள் அப்பெயரிலேயே அடங்கியுள்ளது. இது வேறெதுவுமன்று, தமிழ்நாட்டில் தகரை என்று வழங்கும் செடியும் அதன் நெருங்கிய இனமும் தரும் விதையே. சாலையோரங்களிலும் தரிசு நிலங்களிலும் களையாக முளைப்பது அது. வறுத்த விதையைக் காய்ச்சினால் காப்பி போன்ற மணம் வரும். இவ்விதைக்கு மலத்தை இளக்கும் தன்மை உண்டு. ஆதலால் வயிற்றுப்போக்கு உள்ளவர்களும் கருவுற்ற தாய்மார்களும் இதனைத் தவிர்த்தல் நலம். தோற்றத்தில் இதனை ஒத்த நச்சுத்தன்மையுள்ள செடிகளும் இருப்பதால், நாமே காட்டில் பறித்துக் காய்ச்சும் முயற்சி வேண்டாம்.

இவையன்றி, கெய் சியையும் செவ்வந்தியையும் வேறு ஆறு சரக்குகளோடு சேர்த்து உருட்டிய கருநிற மாத்திரைகளும் விற்கப்படுகின்றன. அந்த ஆறு சரக்கு மருந்தை வகுத்தவர் சுங் அரசர் காலத்தில் வாழ்ந்த சியென் யி என்னும் குழந்தை மருத்துவர். அவருடைய முறைகளைத் தொகுத்த நூல் 1119ஆம் ஆண்டில் வெளிவந்தது. கனியும் பூவும் பிற்காலத்தவர் சேர்த்தவை. இத்தகைய மாத்திரைகள் உணவல்ல, மருந்தே. ஆகையால், பதிவு பெற்ற சீன மருத்துவரின் ஆலோசனையின்றி இவற்றை உட்கொள்ளுதல் கூடாது.

ஒரு கவிஞரின் கண் நோய்

மூலிகையின் எல்லையைச் சீனர்களே மிகப் பழங்காலத்தில் அறிந்திருந்தனர் என்பதற்கு ஒரு சான்று உண்டு. அச்சான்று இந்தியாவோடும் தொடர்புடையது.

கண்ணின் உள்ளே இருக்கும் வில்லை பால் நிறமாக மாறிப் பார்வையை மறைப்பதே கண்புரை. அதற்கு ஊசி கொண்டு செய்யும் சிகிச்சையை இந்தியாவின் பழைய அறுவை மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதை விவரித்துள்ளது. பௌத்த சமயம் சென்ற வழியே அக்கலையும் சீனாவைச் சென்றடைந்தது. 752ஆம் ஆண்டில் வாங் தாவ் தொகுத்த சீன மருத்துவ நூல், இந்தியாவிலிருந்து வந்த அம்முறையைக் குறிப்பிடுகிறது. ‘பொன் ஊசி’ என்று சீனர்கள் அதனை அழைத்தனர். நாகார்ச்சுனரின் பெயரைத் தாங்கிய கண் மருத்துவ நூலொன்றும் அங்கே வழங்கியது.

அக்காலத்தில் வாழ்ந்த பெருங்கவிஞர் பாய் ஜூயி (772–846) கண் நோயால் நெடுநாள் வருந்தினார். தம் நோயைப் பற்றி அவர் எழுதிய கவிதையொன்றில், நாகார்ச்சுனர் பெயரிலான நூலைப் பார்த்தும் பயனில்லை, பெட்டியிலுள்ள ஜுவெமிங் மாத்திரைகளாலும் பயனில்லை, மருந்துகள் கைவிட்ட பின் பொன் ஊசியையே நாட வேண்டும் போலும் என்னும் கருத்தினைப் புலப்படுத்தியுள்ளார்.

இன்று கடையில் நாம் கேட்டு வாங்கும் அதே விதையிலிருந்து செய்த மாத்திரையைத்தான் அக்கவிஞரும் உண்டார். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, சீன நாட்டின் தலைசிறந்த கவிஞர் ஒருவர், விதையால் ஆகாதது உண்டு என்று எழுதிச் சென்றிருக்கிறார். அவர் காலத்துப் பொன் ஊசி ஆபத்து மிகுந்தது. வில்லையை அகற்றாமல் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிடும் முறை அது. பலருக்குச் சீழ் பிடித்து எஞ்சிய பார்வையும் போயிற்று. நமக்கோ அந்த அச்சம் வேண்டியதில்லை. 1949ஆம் ஆண்டில் ஹெரால்ட் ரிட்லி என்னும் ஆங்கிலேய மருத்துவர் கண்ணுக்குள் செயற்கை வில்லையைப் பொருத்திக் காட்டியதிலிருந்து இச்சிகிச்சை பெரிதும் முன்னேறியுள்ளது. இன்று மங்கிய வில்லையை அகற்றி, புதிய வில்லையைப் பொருத்திவிட்டு, பலரை அன்றைய தினமே வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றனர்.

மூலிகை எட்டாத மூன்று நோய்கள்

நம் நாட்டில் 50 வயதைக் கடந்தோரிடையே 2014ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட தேசியக் கண் ஆய்வு, அவர்களுள் 1.2 விழுக்காட்டினர் பார்வையிழந்திருப்பதைக் காட்டியது. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோரின் பார்வையிழப்புக்குக் காரணம் கண்புரையே. அறுவைச் சிகிச்சையால் பெரும்பாலும் மீட்டுத் தரக்கூடிய பார்வை அது. எந்தக் கஷாயமும் புரையைக் கரைத்துவிடாது. ஆயினும் கண்புரையில் தாமதித்தவருக்குப் பெரும்பாலும் பார்வையைத் திரும்பப் பெறும் வாய்ப்பு உண்டு. அடுத்த இரு நோய்களில் அத்தகைய இரக்கம் இல்லை.

இரண்டாவது, நீரிழிவினால் வரும் விழித்திரை நோய். நாம் இனிப்புநீர் என்று வழக்கில் கூறும் நோய் உடலெங்குமுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களைப் பழுதாக்குகிறது. விழித்திரையின் குழாய்கள் கசிந்தும் அடைபட்டும் போகின்றன. தொடக்கத்தில் வலியும் இல்லை, மங்கலும் இல்லை. பார்வை குன்றியதை நாம் உணரும் வேளையில் நோய் முற்றியிருக்கும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அதாவது, நம்மில் ஏறத்தாழ மூவரில் ஒருவர். எனவே, இது பிறருடைய கதை அன்று. நம் வீட்டுக் கதை.

மூன்றாவது, கண் அழுத்த நோய். கண்ணுக்குள் ஊறும் நீர் சரிவர வடியாமல் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பு கெடுகிறது. முதலில் பக்கப் பார்வை குறையும். நேர்ப் பார்வை நெடுநாள் தெளிவாகவே இருக்கும். ஆதலால் நோயாளி தமக்கு ஒன்றுமில்லை என்றே எண்ணியிருப்பார். இழந்த பார்வையை மீட்க எந்த மருத்துவத்தாலும் இயலாது. எஞ்சியதைக் காக்கவே இயலும். குடும்பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருப்பின், உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். காப்பார் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவருக்குப் பத்தாண்டுகளாக இனிப்புநீர். கண் சற்று மங்கியது. அண்டை வீட்டார் கூறியபடி, மகள் அன்போடு செவ்வந்திப் பூவைக் கற்கண்டிட்டுக் காய்ச்சி நாள்தோறும் மூன்று குவளை கொடுத்து வந்தாள். குடிக்கும்போது குளிர்ச்சியாக இருந்தது. ஆனால், கற்கண்டும் சர்க்கரையே. இரத்தத்தில் இனிப்பு ஏற ஏற, எந்தக் கண்ணைக் காக்க நினைத்தார்களோ அந்தக் கண்ணே மேலும் கெட்டது. ஆறு மாதம் கழித்து மீண்டும் பூ வாங்கச் சென்றபோது, நல்ல மனம் கொண்ட சின்சே ஒருவர் அவரைப் பார்த்து, “பெரியவரே, உங்களுக்கு இனிப்புநீர் இருக்கிறதா? அப்படியானால் இது பூவால் தீராது. முதலில் மருத்துவமனையில் கண்ணைக் காட்டுங்கள்” என்று கூறினால், அவரே சிறந்த மருத்துவர். அந்த அறிவுரை ஆறு மாதத்திற்கு முன்பே கிடைத்திருந்தால் எவ்வளவோ நலமாயிருக்கும்.

கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை என்று நம் முன்னோர் சொன்னது இதனைத்தான்.

வாங்குவோர் கவனத்திற்கு

முதலாவதாக, அடைத்து விற்கப்படும் மருந்துகளில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் உள்ளதா எனப் பாருங்கள். பாரம்பரிய மருந்தாயின் அவ்வெண்ணின் இறுதியில் ‘டி’ என்னும் எழுத்து இருக்கும். பதிவு பெறாத பொருளைச் சந்தையிலோ தொலைபேசி வழியாகவோ எவர் விற்றாலும் வாங்காதீர்கள்.

இதற்கு ஒரு முக்கியமான காரணம் உண்டு. மூட்டு வலிக்கும் உடல் வலிக்கும் உடனே நிவாரணம் தருவதாக விற்கப்படும் பதிவு பெறாத மருந்துகள் சிலவற்றில், டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து கலக்கப்பட்டிருப்பதைச் சுகாதார அமைச்சின் சோதனைகள் பலமுறை வெளிப்படுத்தியுள்ளன. இம்மருந்து நெடுநாள் உடலிற் சேர்ந்தால் கண்புரையை விளைவிக்கும், கண் அழுத்தத்தைக் கூட்டும், நீரிழிவையும் மோசமாக்கும். முதுகு வலிக்கென்று வாங்கிய உருண்டை கண்ணைப் பறிக்கக் கூடும் என்பதைப் பலர் அறியார். அத்தகைய மருந்தை நெடுநாள் உண்டவர்கள் அதனைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தே. மருந்தைக் கையோடு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இரண்டாவதாக, கண் நோயைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வோரை நம்பாதீர்கள். குணப்படுத்துவதாகப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியலொன்றை 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் வகுத்துள்ளது. நீரிழிவும் கண் நோயும் அப்பட்டியலில் உள்ளன.

மூன்றாவதாக, நீங்கள் உண்ணும் மருந்துகளைச் சின்சேயிடமும், நீங்கள் காய்ச்சிக் குடிக்கும் மூலிகைகளை மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்வோர் கெய் சியை மிகுதியாகச் சேர்த்துக்கொண்டதால், அம்மருந்தின் வேகம் கூடிய நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன.

நான்காவதாக, எந்தக் கஷாயத்தையும், இலைச்சாற்றையும், தாய்ப்பாலையும் கண்ணுக்குள் விடாதீர்கள். காய்ச்சிய நீராயினும் அது கிருமி நீக்கிய கண் மருந்தாகாது. செம்பனைக் குலை வெட்டும்போது தூசியோ முள்ளோ கண்ணில் விழுந்தால், கண்ணைக் கசக்காமல் அன்றைய தினமே மருத்துவ நிலையத்துக்குச் செல்ல வேண்டும். கருவிழியில் புண் ஏற்பட்டால் ஓரிரு நாளில் பார்வையே பறிபோகக் கூடும். களைக்கொல்லி தெறித்துவிட்டால், அங்கேயே தூய நீரால் குறைந்தது 15 நிமிடம் இடைவிடாது கழுவிய பின்னரே புறப்பட வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

நீரிழிவு உள்ளவர்கள் பார்வை தெளிவாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். விழித்திரையைப் படமெடுக்கும் கருவி பல அரசாங்கச் சுகாதார நிலையங்களில் உண்டு. “எனக்கு இனிப்புநீர் இருக்கிறது, கண்ணைச் சோதிக்க வேண்டும்” என்று நாமே கேட்கலாம்; கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். மேற்சிகிச்சை தேவைப்படின், கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை, கோலாலம்பூர் மருத்துவமனை முதலியவற்றில் கண் பிரிவுகள் உள்ளன. பெட்டாலிங் ஜெயாவிலுள்ள துன் உசேன் ஓன் தேசியக் கண் மருத்துவமனையோ, பிரிக்ஃபீல்ட்ஸ் பார்வையற்றோர் சங்கத்தாரின் முயற்சியிலிருந்து மலர்ந்தது. பார்வையின் அருமையை நன்கறிந்தவர்கள் பிறர் பார்வையைக் காக்க எடுத்த முயற்சி அது.

உணவைப் பொறுத்தவரை, விலையுயர்ந்த சரக்கை நாட வேண்டிய தேவை இல்லை. கெய் சியில் உள்ள நிறமிகள் சோளத்திலும் முட்டையின் மஞ்சட் கருவிலும் உண்டு. முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, பசலை முதலிய கீரைகளில் லூட்டின் மிகுந்துள்ளது. மரவள்ளியும் வாழையும் நட்டுப் பழகிய நம் கைகளுக்கு, வீட்டோரத்தில் ஒரு முருங்கை வளர்ப்பது அரிய செயலன்று. நாம் வெட்டும் செம்பனைப் பழத்தின் சிவப்பெண்ணெயில் ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 500 முதல் 700 மில்லிகிராம் வரை கரோட்டின் உண்டு. உடல் அதனை வைட்டமின் ‘ஏ’ ஆக மாற்றிக்கொள்ளும். சுத்திகரித்து வெளிறிய சமையல் எண்ணெயில் அச்சத்து எஞ்சுவதில்லை. கீரையைச் சிறிது எண்ணெயோடு சமைத்தால் இச்சத்துகள் உடலில் நன்கு சேரும்.

சீனத் தோழர் வீட்டில் செவ்வந்தித் தேநீர் கொடுத்தால் மகிழ்வோடு அருந்துங்கள். சர்க்கரை சேர்க்காமல் அருந்துங்கள். கெய் சியைக் கழுவிச் சூப்பில் இடுங்கள். அவை உணவு, நட்பின் அடையாளமுங்கூட. ஆனால், அவற்றைக் காரணமாகக் கொண்டு சோதனையை ஒத்திப்போடாதீர்கள்.

இறுதியாக, இன்றே வீட்டில் செய்து பார்க்கக்கூடிய ஒரு பயிற்சி. சுவரில் நாட்காட்டியை மாட்டி, சற்றுத் தொலைவில் நில்லுங்கள். உள்ளங்கையால் இடக் கண்ணை அழுத்தாமல் மூடி, வலக் கண்ணால் தேதிகளைப் படியுங்கள். பின்னர் வலக் கண்ணை மூடி இடக் கண்ணால் படியுங்கள். இரு கண்ணும் திறந்திருக்கையில் ஒரு கண்ணின் குறையை மற்றொன்று மறைத்துவிடும். தனித்தனியே பார்த்தால்தான் தெரியும். வீட்டிலுள்ள முதியோரையும் பிள்ளைகளையும் இவ்வாறே படிக்கச் செய்யுங்கள். ஒரு கண்ணில் எழுத்து மங்கினாலோ, கோடுகள் வளைந்து தெரிந்தாலோ, கரும்புள்ளிகள் மிதந்தாலோ காலந்தாழ்த்தாமல் மருத்துவரை நாடுங்கள். கண் திடீரெனச் சிவந்து, கடுமையாக வலித்து, விளக்கைச் சுற்றி வானவில் போன்ற வளையம் தெரிந்தாலும், திரை விழுந்தாற்போல் பார்வை மறைந்தாலும், அந்த நேரமே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

இப்பயிற்சி செம்மையான மருத்துவச் சோதனைக்கு ஈடாகாது. நாட்காட்டியை நன்றாகப் படித்துவிட்டவருக்கும் நீரிழிவு இருப்பின் விழித்திரைச் சோதனை கட்டாயம் வேண்டும். எனினும், ஐந்து நிமிடத்தில் முடியும் இச்சிறு பயிற்சி, நம் வீட்டுப் பெரியவர் ஒருவரை இவ்வாரமே சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லத் தூண்டுமானால், இப்பாடத்தின் நோக்கம் நிறைவேறியதாகும்.